கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரி: 67 தாண்டியாகிவிட்டது, அழைப்பு மட்டும் ஏன் வரவில்லை?

நான் கன்சல்டன்ட் இல்லை. கோயம்புத்தூரில் உட்கார்ந்து நானே விண்ணப்பம் போட்டு, கனடாவுக்கு வந்து சேர்ந்தவன். அன்றிலிருந்து ஊரில் யார் வீட்டுப் பையனோ பெண்ணோ நாலு வருடம் வேலை பார்த்துவிட்டால் போதும், என் வாட்ஸ்அப்புக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துவிடும்: "அண்ணா, எனக்கு கனடா கிடைக்குமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பேசித் தொண்டை வற்றியதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். எண்கள் 2025 கடைசி வரையிலான நிலவரம். கட்டணமும் விதியும் அடிக்கடி மாறும், போடும் நாளில் கனடா குடிவரவுத் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது ஒரு விசாவா?

இல்லை. அது ஒரு வரிசை. 2015 ஜனவரி 1-ல் தொடங்கியது. ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர், கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ், ஃபெடரல் ஸ்கில்டு டிரேட்ஸ் என்று மூன்று திட்டங்கள் இருக்கின்றன. இவற்றில் ஒன்றுக்காவது தகுதி இருந்தால் 'பூல்' என்று அவர்கள் சொல்லும் குளத்தில் உங்கள் பெயர் விழும். சில வாரங்களுக்கு ஒருமுறை அரசு வலை வீசி, மேலே இருப்பவர்களை அள்ளும். ஒவ்வொரு வீச்சும் ஒரு சுற்று; அள்ளப்படுவதுதான் அழைப்பு. அள்ளப்பட்டவர்தான் பிஆர், அதாவது நிரந்தரக் குடியிருப்பு, விண்ணப்பமே போட முடியும். ஊரில் இருந்து, கனடா மண்ணை மிதிக்காமல் போடுகிற பெரும்பாலானவர்களுக்கு முதல் திட்டம்தான் பொருந்தும். இந்தப் பக்கம் முழுக்க அதைப் பற்றித்தான்.

67 புள்ளி என்கிறார்கள், 500 புள்ளி என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. இரண்டும் வேறு வேறு கணக்கு. இதைக் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

67 என்பது 100-க்கு. வாசலைத் தாண்டுகிற மதிப்பெண். 500 என்பது சிஆர்எஸ் கணக்கு, அது 1,200-க்கு. உள்ளே போனவர்களை வரிசைப்படுத்துகிற மதிப்பெண். பிளஸ் டூவில் பாஸ் ஆவதற்கும் கட்-ஆஃபுக்கும் உள்ள வித்தியாசம்தான். பாஸ் ஆனவருக்கெல்லாம் கிண்டியில் சீட் கிடைப்பதில்லை, இல்லையா? "சார், நீங்க எலிஜிபிள்" என்று ஒரு ஏஜென்ட் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை; 67-ஐச் சொல்கிறார். கட்-ஆஃபைப் பற்றி வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

புள்ளி போட்டு ஆள் எடுக்கிற வழக்கத்தை 1967-ல் தொடங்கியது கனடா. அதற்கு முன்பு எந்த நாட்டுக்காரர், என்ன நிறம் என்பதெல்லாம் வெளிப்படையாகவே பார்க்கப்பட்டது. அந்த வகையில் இந்தக் கணக்கு நமக்குச் சாதகமாக வந்த ஒன்று. 67 என்கிற தேர்ச்சி மதிப்பெண் 2003-ல் வந்தது. அதற்கு முன்பு 75.

67 கணக்கை ஒரு ஆளுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

வயது 32, பி.இ., ஐந்து வருட வேலை, ஆங்கிலத்தில் நான்கு பிரிவிலும் சிஎல்பி 8. சிஎல்பி என்பது கனடாவின் மொழி அளவுகோல். ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணை அதற்கு மாற்றிக்கொள்வார்கள்.

மொழிக்கு பிரிவுக்கு 5 வீதம் 20. நான்கு வருடப் பட்டத்துக்கு 21. ஐந்து வருட அனுபவத்துக்கு 13. 35 வயது வரை முழுதாக 12. கூட்டினால் 66.

ஒரு புள்ளியில் வாசலிலேயே நிற்கிறார். இதே ஆள் ஆங்கிலத்தில் சிஎல்பி 9 எடுத்தால் மொழிக்கு 24, மொத்தம் 70. அல்லது மனைவி ஐஇஎல்டிஎஸ் எழுதி சிஎல்பி 4 காட்டினாலே 5 புள்ளி, மொத்தம் 71. அல்லது இன்னும் ஒரு வருடம் வேலை பார்த்து ஆறு வருடம் ஆக்கினால் அனுபவத்துக்கு 15, மொத்தம் 68. வழி இருக்கிறது. ஆனால் எதுவும் தானாக நடக்காது.

ஐஇஎல்டிஎஸ்ஸில் எனக்கு ஓவரால் 7.5. போதாதா?

ஓவரால் என்கிற எண்ணை இங்கே யாரும் பார்ப்பதே இல்லை. நான்கு பிரிவையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். சிஎல்பி 9 வேண்டுமென்றால் லிஸனிங் 8, ரீடிங் 7, ரைட்டிங் 7, ஸ்பீக்கிங் 7. நான்கும் ஒரே தேர்வில் வர வேண்டும். போன முறை ரைட்டிங்கையும் இந்த முறை லிஸனிங்கையும் சேர்த்து ஒட்ட முடியாது.

அரை பேண்ட் (ஐஇஎல்டிஎஸ்ஸில் அரை மதிப்பெண்) என்ன செய்யும் என்பதைக் கிட்டத்தில் பாருங்கள். 29 வயது, திருமணம் ஆகவில்லை, எம்.இ., வெளிநாட்டு அனுபவம் (அதாவது நம் ஊர் அனுபவம்) மூன்று வருடம், நான்கிலும் சிஎல்பி 9. சிஆர்எஸ் இப்படி வரும்: வயது 110, படிப்பு 135, மொழி 124. அதன் மேல் "படிப்பும் மொழியும் சேர்ந்து" 50, "அனுபவமும் மொழியும் சேர்ந்து" 50. மொத்தம் 469.

இப்போது ரைட்டிங்கில் மட்டும் 7-க்குப் பதில் 6.5. மொழியில் நேரடியாகப் போவது 8 புள்ளிதான். ஆனால் அந்த இரண்டு 50-களும் நான்கிலும் சிஎல்பி 9 இருந்தால்தான் முழுதாகக் கிடைக்கும். ஒன்று வழுக்கினால் இரண்டும் 25, 25 ஆகிவிடும். மொத்தம் 411. ஒரு கட்டுரையில் போன அரை பேண்டுக்கு 58 புள்ளி! வயதிலோ ஊர் அனுபவத்திலோ இவ்வளவு புள்ளியை ஓராண்டில் சம்பாதிக்கவே முடியாது.

அதனால் ஏஜென்டுக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தில் இன்னொரு முறை தேர்வு எழுதுங்கள் என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்வேன். ரைட்டிங்கில் 6.5 வந்து, நன்றாகத்தான் எழுதினோம் என்று மனசு சொன்னால் மறுமதிப்பீட்டுக்குப் போடலாம். மதிப்பெண் ஏறினால் கட்டிய பணமும் திரும்பும்.

இன்னொரு விஷயம், ஜெனரல் டிரெயினிங் தேர்வுதான் எழுத வேண்டும். அகாடமிக் எழுதிவிட்டு வந்து நிற்பவர்களை வருடத்துக்கு இரண்டு பேரையாவது பார்க்கிறேன். செல்பிப் ஜெனரல், பிடிஇ கோர் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளும் செல்லும். மதிப்பெண்ணின் ஆயுள் இரண்டு வருடம்.

வயது எவ்வளவு கடிக்கும்?

20 முதல் 29 வரை முழுப் புள்ளி, 110. முப்பதாவது பிறந்தநாளில் கேக் வெட்டும்போதே 5 போய்விடும். அதன்பின் வருடத்துக்கு 5 அல்லது 6. 35-ல் 77, 40-ல் 50. நாற்பதைத் தாண்டினால் வருடத்துக்கு 11 வீதம் சரிந்து 45-ல் சுழியம். இது மணமாகாதவர் கணக்கு. துணையோடு போட்டால் 100-ல் தொடங்கும். 45 ஆனவர் விண்ணப்பிக்கக் கூடாது என்று விதி ஏதும் இல்லை, வயதுக்கென்று புள்ளி எதுவும் வராது, அவ்வளவே.

பி.இ. மட்டும்தான் படித்திருக்கிறேன். எம்.இ. படிக்க வேண்டுமா?

அவசியம் இல்லை. பி.இ.க்கு 120, எம்.இ.க்கு 135. ஆனால் மேலே சொன்ன "படிப்பும் மொழியும்" கணக்கில் ஒற்றைப் பட்டத்துக்கு 25, முதுகலைக்கு 50. ஆக உண்மையான இடைவெளி 15 இல்லை, 40. பலர் கவனிக்காதது இது: மூன்று வருடமோ அதற்கு மேலோ ஆன பட்டத்தோடு இன்னொரு ஓராண்டுப் படிப்பும் இருந்தால் "இரண்டு சான்றிதழ்" என்று 128-ம், அந்த "படிப்பும் மொழியும்" கணக்கில் 50-ம் கிடைக்கும். பி.இ. முடித்துவிட்டு அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஓராண்டு முதுநிலை டிப்ளமோ முடித்தவர்கள் அதைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, பி.இ.யை மட்டும் மதிப்பீட்டுக்கு அனுப்புகிறார்கள். இரண்டையும் அனுப்புங்கள்.

மதிப்பீடு என்பது இசிஏ. நம் பட்டம் கனடாவில் எதற்குச் சமம் என்று சொல்லும் அறிக்கை. வெஸ், ஐக்யூஏஎஸ் போன்ற சில அமைப்புகளுக்குத்தான் அந்த உரிமை. அறிக்கை ஐந்து வருடம் செல்லும். டிரான்ஸ்கிரிப்டைப் பல்கலைக்கழகமே நேராக அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால் இந்த வேலையை முதலில் தொடங்குங்கள்.

டொராண்டோ ஸ்கார்பரோவில் அண்ணன் இருக்கிறார். புள்ளி உண்டா?

எந்த அண்ணன்? கூடப் பிறந்த அண்ணனா, சித்தப்பா மகனா?

நமக்கு இரண்டுமே அண்ணன்தான். கனடா அரசுக்கு அப்படி இல்லை. சிஆர்எஸ்ஸில் 15 புள்ளி கிடைக்க, கனடாவில் வசிக்கும் 18 வயது கடந்த உடன்பிறப்பு வேண்டும்; அவர் குடியுரிமையோ பிஆரோ பெற்றிருக்க வேண்டும். உங்கள் மனைவி அல்லது கணவர் உடன் வருகிறார் என்றால் அவருடைய உடன்பிறப்பும் செல்லும். பெரியப்பா மகன், அத்தை மகள், சித்தி பையன் யாரும் செல்லமாட்டார்கள்.

67 கணக்கில் மட்டும் வட்டம் கொஞ்சம் பெரியது. அங்கே 5 புள்ளிக்கு அப்பா அம்மா, தாத்தா பாட்டி, பிள்ளைகள், உடன்பிறப்பு, பிறகு அப்பாவுடனோ அம்மாவுடனோ பிறந்தவர்கள், உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். ஆக டொராண்டோ சித்தப்பா 67-ஐத் தாண்ட உதவுவார், சிஆர்எஸ்ஸுக்கு உதவமாட்டார். அவருடைய மகன் இரண்டுக்கும் உதவமாட்டான். ஏர்போர்ட்டுக்குக் கார் கொண்டுவருவான், அது வேறு கணக்கு.

உறவை நிரூபிக்க இருவர் பிறப்புச் சான்றிதழிலும் பெற்றோர் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் "கந்தசாமி", மற்றதில் "கந்தசுவாமி" என்றிருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள்.

கல்யாணம் ஆகிவிட்டது. யார் பெயரில் போடுவது?

இருவருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். "ஆண்பிள்ளை பெயரில் போடலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். புள்ளிக்கு ஆண் பெண் தெரியாது. இளையவர், ஆங்கிலம் நன்றாக வருபவர், அதிகம் படித்தவர் யாரோ அவர்தான் முதன்மை விண்ணப்பதாரர். இருவருமே தனித்தனிச் சுயவிவரம் போடவும் தடையில்லை.

முன்பு சொன்ன 469 ஆளையே எடுத்துக்கொள்வோம். அவருக்குத் திருமணம் ஆகி, துணை தேர்வும் எழுதாமல் இசிஏவும் எடுக்காமல் சும்மா உடன் வந்தால் 442. துணைக்கு ஒரு பட்டமும் நான்கிலும் சிஎல்பி 7-ம் இருந்தால் 20 சேர்ந்து 462. சிஎல்பி 9 எடுத்தால் 470. வீட்டில் ஒருவர் ஐஇஎல்டிஎஸ் புத்தகத்தோடு உட்கார, மற்றவர் டிவி பார்க்கிற ஏற்பாடு இங்கே நஷ்டம்.

துணை உடன் வரவில்லை என்று காட்டினால் ஒற்றை ஆள் கணக்கு வருமே என்பார்கள். வரும். ஆனால் அவர் பெயரைக் காட்டியே ஆக வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் உண்டு, பணக் கணக்கிலும் தலை எண்ணப்படும். உண்மையிலேயே வரவில்லை என்றால் மட்டும் அப்படிப் போடுங்கள். திருமணத்தையே மறைத்தால் அது வேறு குற்றம், கடைசியில் சொல்கிறேன்.

என் வேலை கணக்கில் வருமா?

என்ஓசி எண்ணைப் பாருங்கள். என்ஓசி என்றதும் ஊரில் எல்லா ஆபீசிலும் கேட்கிற தடையில்லாச் சான்றிதழ் என்று நினைக்க வேண்டாம். இது கனடாவின் தொழில் பட்டியல். 2022 நவம்பர் முதல் ஐந்து இலக்க எண். அதன் இரண்டாம் இலக்கம்தான் டீயர் நிலை, அதாவது அந்த வேலைக்கு எவ்வளவு படிப்பும் பயிற்சியும் வேண்டும் என்பதன் அளவு. 0, 1, 2, 3 செல்லும். 4, 5 செல்லாது. சாஃப்ட்வேர் இன்ஜினியர் 21231, நர்ஸ் 31301, சமையல்காரர் 63200.

சென்னை பிபிஓ நண்பர்கள் இங்கேதான் திகைப்பார்கள். போனில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் வேலை 64409. இரண்டாம் இலக்கம் 4, ஆகவே இல்லை. ஆனால் அதே மாடியில் கணினிக் கோளாறைச் சரிசெய்து கொடுக்கும் டெக்னிகல் சப்போர்ட் ஆள் 22221, செல்லும். விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பது முக்கியமில்லை, தினமும் என்ன செய்கிறீர்கள் என்பதே கேள்வி. கடந்த பத்து ஆண்டுகளுக்குள், ஒரே தொழிலில், இடைவெளி இல்லாமல் குறைந்தது ஒரு வருடம், அதாவது வாரம் 30 மணி வீதம் 1,560 மணி, சம்பளத்தோடு பார்த்திருக்க வேண்டும்.

ரிலீவிங் லெட்டர் வைத்திருக்கிறேன். அது போதுமா?

போதாது. எனக்கு வயிற்றைக் கலக்கிய இடம் இதுதான். நம் ஊர் ரிலீவிங் லெட்டரில் என்ன இருக்கும்? பெயர், பதவி, சேர்ந்த நாள், போன நாள், "எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்". கனடா கேட்பது வேறு: நிறுவன லெட்டர்ஹெட்டில், மேலதிகாரியின் பெயர், பதவி, கையெழுத்து, தொடர்பு விவரம், நீங்கள் வகித்த ஒவ்வொரு பதவிக்கும் தேதி, என்னென்ன வேலை செய்தீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம் எவ்வளவு.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் எச்ஆர் "எங்க ஃபார்மட் இதுதான்" என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். மூன்றாவது முறை போனபோது எல்லாம் எழுதிக் கொடுத்தார்கள், வாரத்துக்கு எத்தனை மணி என்பதை மட்டும் விட்டுவிட்டு. அந்த ஒரு வரிக்காக இன்னும் இரண்டு வாரம் அலைந்தேன். எச்ஆர் மசியவே இல்லை என்றால், உங்கள் பழைய மேனேஜர் எழுதித் தரும் கடிதம், ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட், அப்புறம் ஏன் நிறுவனக் கடிதம் கிடைக்கவில்லை என்று உங்கள் விளக்கம், எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். அதிகாரி ஏற்பார் என்ற உத்தரவாதம் இல்லை. வேலையை விடும் முன்பே, உறவு நன்றாக இருக்கும்போதே கடிதத்தை வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

கடிதத்தில் வேலைப் பட்டியலை என்ஓசி தளத்திலிருந்து அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள். படிக்கிற அதிகாரிக்கு அந்த வாக்கியங்கள் மனப்பாடம்.

பாஸ்போர்ட்டில் எனக்கு சர்நேம் காலி. என்ன எழுதுவது?

தமிழர்களுக்கே உரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் வெறுமையாக இருந்தால், விண்ணப்பத்தில் உங்கள் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். அப்பா பெயரை நீங்களாக அங்கே நுழைக்கக் கூடாது. ஐஇஎல்டிஎஸ் பதிவும் இசிஏவும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "எஸ். முருகன்", பட்டத்தில் "முருகன் எஸ்.", பாஸ்போர்ட்டில் "முருகன் சுப்பையா" என்றிருந்தால், மூவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் ஒரு அஃபிடவிட் போட்டு இணையுங்கள். தொடங்கும் முன்பே பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துச் சர்நேம் கட்டத்தை நிரப்பிக்கொண்டால் இங்கே வந்த பிறகு வங்கி, லைசென்ஸ் என்று எல்லா இடத்திலும் நிம்மதி.

எவ்வளவு பணம் காட்ட வேண்டும்?

2025 ஜூலையில் அறிவித்த தொகை: தனி ஆளுக்கு 15,263 கனடிய டாலர், இருவருக்கு 19,001, மூவருக்கு 23,360, நால்வருக்கு 28,362. ஒவ்வொரு வருடமும் ஏற்றுவார்கள். அரசுக்குக் கட்டுகிற பணம் இல்லை இது. போய் இறங்கினால் சில மாதம் தாக்குப்பிடிப்பீர்களா என்று பார்ப்பதற்கு.

எது பணம் என்பதில்தான் நமக்கும் அவர்களுக்கும் பிணக்கு. சேமிப்புக் கணக்கு, எஃப்டி செல்லும். லாக்கரில் இருக்கும் நகை, ஊரில் இருக்கும் வயல், இன்னும் எடுக்காத சீட்டு எதுவும் செல்லாது. கடன் வாங்கிக் காட்டக் கூடாது. வங்கிக் கடிதத்தில் கணக்கு தொடங்கிய நாள், இன்றைய இருப்பு, ஆறு மாதச் சராசரி, கடன் பாக்கி எல்லாம் வர வேண்டும். போன வாரம் திடீரென்று பதினைந்து லட்சம் வந்து விழுந்திருந்தால் எங்கிருந்து என்று கேட்பார்கள். அப்பா கொடுத்தார் என்றால் திருப்பித் தர வேண்டாம் என்று அவர் கையெழுத்திட்ட கடிதம். இடம் விற்றது என்றால் கிரயப் பத்திரம்.

எனக்கு 470 வருகிறது. அழைப்பு வருமா?

நேர்மையாகச் சொல்கிறேன். ஊரில் இருந்துகொண்டு, கனடா அனுபவம் இல்லாமல், ஆங்கிலம் மட்டும் வைத்திருக்கும் 470-க்கு இப்போது கதவு சாத்தியிருக்கிறது. எல்லாத் திட்டத்துக்கும் பொதுவான சுற்று கடைசியாக நடந்தது 2024 ஏப்ரல் 23, கட்-ஆஃப் 529. அதன்பின் 2025 முழுவதும் அப்படியொரு சுற்றே இல்லை. கனடாவில் வேலை பார்த்தவர்களுக்கான சுற்றுகளே அந்த வருடம் 510-க்குக் கீழே இறங்கவில்லை.

"75 புள்ளிக்கே அழைப்பு வந்ததாமே?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். உண்மைதான். 2021 பிப்ரவரி 13 அன்று, கோவிட்டால் எல்லைகள் மூடியிருந்த நேரத்தில், ஏற்கனவே கனடாவில் வேலை செய்துகொண்டிருந்த 27,332 பேரை ஒரே மூச்சில் அழைத்தார்கள். அது திரும்ப வரும் என்று காத்திருப்பது ஆடிப்பெருக்கு மேட்டூரை வைத்து வருடம் முழுக்க விவசாயம் செய்வது மாதிரி.

இன்று திறந்திருப்பது மூன்று ஜன்னல்கள். ஒன்று, மருத்துவம், கல்வி, கட்டுமானத் தொழில்கள் போன்ற பிரிவுகளுக்கான தனிச் சுற்று. 2025-ன் பிற்பகுதியில் மருத்துவப் பிரிவின் கட்-ஆஃப் 460, 470களில் இருந்தது. அதே 470-க்கு நர்ஸ் உள்ளே, இன்ஜினியர் வெளியே. இரண்டு, மாகாண நியமனம், அதாவது ஒரு மாகாண அரசே உங்களைத் தேர்ந்தெடுத்து முன்மொழிவது. மூன்று, பிரெஞ்சு.

பிரெஞ்சா? இந்த வயதிலா?

சிரிக்காதீர்கள். பிரெஞ்சுச் சுற்றின் கட்-ஆஃப் 2024 பிப்ரவரி 29-ல் 336, 2025 மார்ச் 21-ல் 379. நான்கு பிரிவிலும் பிரெஞ்சு அளவுகோலில் 7 எடுத்தால் போதும், அதோடு ஆங்கிலமும் இருந்தால் கூடுதலாக 50, இரண்டாம் மொழிக்கென்று ஒரு 12. மேலே ரைட்டிங்கில் வழுக்கி 411-க்கு வந்த ஆள் 473-க்கு ஏறி, வேறு வரிசையின் முன்பக்கத்தில் நிற்பார்.

7 என்றால் ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏறக்குறைய பி2 நிலை. சுழியத்திலிருந்து தொடங்கி வேலைக்கும் போய்க்கொண்டு படித்தால் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஆனால் பிளஸ் டூவில் தமிழுக்குப் பதில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அன்று தாத்தா திட்டியிருப்பார். இன்று அந்த அடிப்படை உதவும். சென்னையிலும் புதுச்சேரியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. தேர்வு டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா; டெல்ஃப் சான்றிதழ் இதற்குச் செல்லாது.

மாகாண நியமனம் கிடைத்தால்?

600 புள்ளி. அடுத்த மாகாணச் சுற்றில் அழைப்பு கிட்டத்தட்ட உறுதி. ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனி விதி, தனிப் பட்டியல், தனிக் கட்டணம். கியூபெக் இதில் சேராது, அது தனக்கென்று வேறு முறை வைத்திருக்கிறது. எந்த மாகாணம் நியமித்ததோ அங்கே வாழும் எண்ணத்தோடுதான் வர வேண்டும். "சஸ்காச்செவானில் வாங்கிக்கொண்டு டொராண்டோவில் இறங்கிவிடு" என்பது நல்ல யோசனை இல்லை.

கனடா நிறுவனத்தின் வேலைக் கடிதம் (ஜாப் ஆஃபர்) வாங்கித் தருகிறேன், இத்தனை லட்சம் என்கிறார்கள்.

அந்த வியாபாரம் பெருகியதால்தான் வேலைக் கடிதத்துக்கான 50, 200 சிஆர்எஸ் புள்ளிகளை 2025 மார்ச் 25 முதல் அரசே எடுத்துவிட்டது. இன்னமும் அதைக் காட்டிப் பணம் கேட்பவர், காலாவதியான சரக்கை விற்கிறார்.

ஏஜென்ட் இல்லாமல் நானே போட முடியுமா?

முடியும். சிக்கலில்லாத கதைக்கு ஏஜென்ட் தேவையே இல்லை. முன்பு விசா மறுப்பு, வழக்கு, விவாகரத்து, பிள்ளைகளின் பொறுப்பு என்று முடிச்சுகள் இருந்தால் உதவி தேடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு உங்களுக்காக விண்ணப்பிக்க கனடிய வழக்கறிஞர், கியூபெக் நோட்டரி, அல்லது குடிவரவு ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பில் (பெயரில் 'காலேஜ்' என்றிருக்கும், படிக்கிற கல்லூரி இல்லை) உரிமம் பெற்றவர் ஆகியோருக்குத்தான் அனுமதி. உரிம எண்ணைக் கேளுங்கள், அந்த அமைப்பின் பொதுப் பதிவேட்டில் தேடுங்கள்.

யாரை வைத்தாலும் மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஏஜென்ட் தன் மின்னஞ்சலைப் போட்டுக் கணக்கு தொடங்கியிருந்தார். அழைப்பு வந்தது, 60 நாள் ஓடியது, காலாவதி ஆனது. நம் ஆளுக்குத் தெரிந்தது அதற்கும் ஒரு மாதம் கழித்து.

அழைப்பு வந்தபின் என்ன?

60 நாளுக்குள் முழு விண்ணப்பம். 18 வயதுக்குப் பிறகு, கடந்த பத்து ஆண்டில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்றிதழ் வேண்டும். துபாய், சிங்கப்பூர் போய்வந்தவர்கள் அழைப்புக்குக் காத்திராமல் இதை விசாரித்து வையுங்கள். 2025 ஆகஸ்ட் 21 முதல் மருத்துவப் பரிசோதனையையும் முன்கூட்டியே, அங்கீகரித்த மருத்துவரிடம் முடித்துத்தான் போட வேண்டும். 2024 ஏப்ரல் 30-ல் ஏற்றிய கட்டணம் பெரியவருக்கு 1,525 டாலர், பிள்ளைக்கு 260, கைரேகைக்குக் குடும்பத்துக்கு 170. கணவன், மனைவி, ஒரு குழந்தை என்றால் 3,480. பொதுவாக ஆறு மாதத்தில் முடிவு சொல்வதாக அரசின் கணக்கு.

பிஆர் கிடைத்தால் என் வேலையையே அங்கே பார்க்கலாமா?

சாஃப்ட்வேர் என்றால் பார்க்கலாம். மருத்துவர், நர்ஸ், ஆசிரியர், வழக்கறிஞர், சிவில் இன்ஜினியராகக் கையெழுத்திடுபவர் என்றால் அந்தந்த மாகாணத்தில் உரிமம் வாங்க வேண்டும். புள்ளி கொடுத்து அழைத்த அரசு வேறு, உரிமம் தரும் அமைப்பு வேறு. ஒன்றின் பேச்சை மற்றது கேட்பதில்லை. நர்ஸ்கள் இந்த வேலையை ஊரில் இருக்கும்போதே தொடங்குவது நல்லது.

நிராகரித்தால் மறுபடி போடலாமா?

தாள் குறைந்ததாலோ புள்ளி தவறியதாலோ நிராகரித்திருந்தால் சரிசெய்து அடுத்த நாளே புதுச் சுயவிவரம் போடலாம். பொய் சொன்னதாகத் தீர்மானித்தால் ஐந்து வருடம் தடை. போலி அனுபவக் கடிதம், மறைத்த திருமணம், மறைத்த விசா மறுப்பு எல்லாம் இதில் அடங்கும். ஏஜென்ட்தான் எழுதினார், எனக்குத் தெரியாது என்பது செல்லாது, ஏனென்றால் கையெழுத்து உங்களுடையது. அமெரிக்க விசா ஒருமுறை மறுத்தார்களே, அதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்பவர்களுக்கும் பதில் அதுதான்: சொல்லுங்கள், எந்த வருடம் என்பதோடு.